புதிதாய் வருவோருக்கு எழுதும் வழிகாட்டி

எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையளித்து வெளியிடப்படும் மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் என்பர். இவ்வகையில் மிகப் பெயர் பெற்றது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தனியொருவராய்த் தொடங்கிய இப்பணியில் இன்று பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் பங்கு கொள்கின்றனர். ஆண்ட்ராய்டு கைபேசிகளும் இதன் மையப் பகுதியாகிய கெர்னலைக் கொண்டே இயங்குகின்றன.

ஓர் அலுவலகத்திற் புதிதாய்ச் சேர்பவர் அடுத்த மேசைக்காரரிடம் ஐயம் கேட்டறியலாம். மின்னஞ்சல் வழியே நடைபெறும் கெர்னல் பணியில் அடுத்த மேசை என்பதே இல்லை. ஆகவே, எழுதி வைத்த குறிப்பே புதியவருக்குத் துணை. அது தெளிவற்றதாயின், அவர் காரணம் கூறாமலே விலகிவிடுவார். அவர் செய்திருக்கக்கூடிய திருத்தமும் அவருடன் போய்விடும்.

இக்குறைக்கு இடந்தராமல் எழுதப்பட்டுள்ள ஏடு ஒன்று கெர்னல் ஆவணங்களுள் இருக்கின்றது. அதனை எழுதியவர் மூத்த பொறியாளரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். சி மொழியறிவு இன்றியமையாதது என்றும், பொறியின் அடிப்படை மொழியாகிய அசெம்பிளி பெரும்பாலான வேலைகளுக்குத் தேவைப்படாது என்றும் அது தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றது. எதனை அறியாதிருந்தாலும் வரலாம் என்று சொல்வது பல உபசார மொழிகளினும் மேலான வரவேற்பாகும்.

பெரிய மாற்றத்தை ஒரே மூட்டையாக அனுப்பலாகாது, சிறு சிறு பகுதிகளாகவே அனுப்ப வேண்டும் என்பது அவ்வேட்டின் முக்கிய விதி. விதியை மட்டும் கூறி நிறுத்தாமல் காரணத்தையும் விளக்குகின்றது: சிறு பகுதியைச் சரிபார்ப்பது எளிது, பிழை நேரின் இடத்தைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஆசிரியர்கள் விரும்பத்தக்க உவமை ஒன்றும் உண்டு. கணக்குப் பாடத்தைத் திருத்தும் ஆசிரியர் மாணவனின் அடித்தல் திருத்தல்களையெல்லாம் காண விரும்புவதில்லை. சீராக எழுதிய விடையையே எதிர்பார்க்கின்றார். திருத்தம் அனுப்புவோரும் அவ்வாறே செய்தல் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியல்லாதார்க்கு மொழி ஒரு தடையாகலாம் என்பதையும் அவ்வேடு மறைக்கவில்லை. மடலை அனுப்புமுன் அதன் பொருள் விளங்குகின்றதா எனச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்கின்றது.

திருத்தம் அனுப்பும் முறை பற்றிய மற்றோர் ஆவணத்தில், மறுமொழி சில வாரங்களில், பெரும்பாலும் 2 அல்லது 3 வாரங்களில் வரும் என்றும், மீண்டும் நினைவூட்டுமுன் குறைந்தது ஒரு வாரமேனும் பொறுத்திருக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டுள்ளது. மனு பெறப்பட்டது என்னும் ஒற்றை வரிக்காகக் காத்திருந்தவர் எவருக்கும் இதன் அருமை விளங்கும். கால அளவு தெரியாதவருக்கு மௌனம் மறுப்பாகவே படும். வழிகாட்டி எழுதும் மூத்தோர் மறந்துவிடுவது பெரும்பாலும் இத்தகைய செய்தியைத்தான். அவர்களுக்கு அது பழகிப்போன ஒன்று.

தெளிவு இருந்தும் கனிவு குறைந்திருந்தது என்பதையும் கூறவேண்டும். கெர்னல் மடல்களிற் கடுஞ்சொற்கள் வழங்கியது பலரும் அறிந்ததே. 2015-ஆம் ஆண்டில் வெளியான சுருக்கமான நடத்தைக் குறிப்பு, கடுமையான விமர்சனத்தை எதிர்பார்க்கும்படியே புதியோருக்குச் சொல்லிற்று. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் நடத்தைக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். அதே சமயத்தில் பழைய குறிப்பு நீக்கப்பட்டு, வேறு பல திட்டங்களிலும் வழங்கும் விரிவான நடத்தை விதிகளைத் தழுவிய புதிய ஆவணம் இடம்பெற்றது.

இவ்வாவணங்கள் யாவும் மென்பொருளோடு ஒரே தொகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றைத் திருத்தும் முறையும் நிரலைத் திருத்தும் முறையும் ஒன்றே. வழிகாட்டியைப் படிக்கும் புதியவர் அதில் ஓர் எழுத்துப் பிழையையோ, விளங்காத ஒரு வரியையோ கண்டால், அதனைத் திருத்தி அனுப்புவதையே தம் முதற் பணியாகக் கொள்ளலாம்.