கஹிர்மாதாக் கடலும் இழுவலையும்

ஒடிசா மாநிலத்தின் கேந்திராபாரா மாவட்டக் கரையில் கஹிர்மாதா என்னும் மணற்பரப்பு உளது. ஆலிவ் ரிட்லி எனப்படும் கடலாமைகள் பனிக்காலம் கழியும் தறுவாயில் பெருந்திரளாக அங்கே கரையேறி முட்டையிடுகின்றன; சில ஆண்டுகளில் அவற்றின் தொகை லட்சங்களை எட்டுவதுண்டு. தமிழக மீனவர் சிற்றாமை என்றழைப்பதும் இதனையே. 1997ஆம் ஆண்டில் ஒடிசா அரசு, கரையும் கடலுமாகச் சுமார் 1,435 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் சரணாலயமாக அறிவித்தது.

கடலுக்கு வேலி கட்டுதல் எளிதோ? சரணாலயத்தின் எல்லை தேசப்படத்தில் தெளிவாக இருக்கிறது. அலைமேல் அஃது எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. இறால் மிகுந்த அந்நீரை நாடி விசைப்படகுகள் வருகின்றன. அவை இழுத்துச் செல்லும் பை போன்ற இழுவலை, கடலடியை வாரிக்கொண்டு போகிறது. இறாலோடு மீன்குஞ்சுகளும் ஆமைகளும் அதில் அகப்படுகின்றன. ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி. மூச்சு வாங்க நீர்மட்டத்திற்கு வந்தேயாக வேண்டும். வலைக்குள் நெடுநேரம் சிக்கிய ஆமை, தான் வாழும் கடலிலேயே மூச்சுத் திணறி மடிகிறது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. நவம்பர் முதல் மே வரை ஆமைகள் கூடும் நீர்ப்பரப்புகளில் மீன்பிடிப்பு தடை செய்யப்படுகிறது. கடலோரக் காவல் படையும் ரோந்து சுற்றுகிறது. மேலும், வலையினுள் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம் ஒன்றுண்டு. இறால் கம்பிகளின் இடைவெளியே உட்புகும். ஆமையோ சட்டத்தில் மோதி, அருகிலுள்ள திறப்பின் வழியே தப்பிவிடும். நம் நாட்டு வலைகளுக்கேற்ற சட்டத்தைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கியது. ஆயினும் திறப்பின் வழியே இறாலும் நழுவிவிடும் என்றஞ்சிப் படகினர் பலர் அதனைப் பொருத்தத் தயங்கினர்.

சிறு மீனவரின் துயரத்தையும் நாம் மறத்தலாகாது. கடலடியை வாரும் வலை அவர்களுடையதன்று. எனினும் தடையின் சுமை அவர்கள் அடுப்பையும் தாக்குகிறது. அவர்களுக்குத் தக்க ஜீவனாதாரம் அளியாத பாதுகாப்பு நெடுநாள் நிலைக்காது.

அயல் மாநிலத்துச் செய்திதானே என்று நாம் வாளாவிருத்தல் தகாது. வங்கக் கடலில் உலவும் ஆமைகளுக்கு மாநில எல்லை ஏது? 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான சிற்றாமைகள் மாண்டு ஒதுங்கின. கல்கத்தாவிலோ பம்பாயிலோ இறால் வாங்கும் நம்மவர், அஃது எவ்வலையில் வந்தது என்று வினவத் தொடங்கினால், சட்டத்தின் கைக்கு அதுவும் ஒரு வலுவாகும்.