பிள்ளைகள் எழுதட்டும், ஊர் வாசிக்கட்டும்

நம் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கற்பித்தல் பயிற்சிக்காகப் புது முகங்கள் வருவதுண்டு. ஆசிரியர் பட்டயப் படிப்பு படிக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும். கையில் பாடக்குறிப்பு நோட்டு, படம் வரைந்த அட்டைகள். பிள்ளைகள் அவர்களை 'டிரெய்னிங் டீச்சர்' என்பார்கள். சில வாரங்களில் போய்விடுவார்கள். அந்தச் சில வாரங்களில் நம் சேரிப் பிள்ளைகளுக்கு அவர்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்று உண்டு: பிள்ளை தன் வாழ்க்கையைத் தன் சொல்லில் எழுதப் பழக்குவது, எழுதியதை நாலு பேர் வாசிக்கச் செய்வது.

புதிதாக வரும் ஆசிரியர் என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு ராமேஸ்வரமே சாட்சி. அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பில் அர்ச்சகர் மகனோடு முன் வரிசையில் அமர்ந்திருந்தார். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் அது பொறுக்காமல் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாமே இதைப் பதிவு செய்திருக்கிறார். அதே ஊரில் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டவர் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். ஓர் ஆசிரியர் தந்த காயத்துக்கு இன்னோர் ஆசிரியர் மருந்தானார்.

பயிற்சி ஆசிரியர் என்றதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டியவர் சாவித்திரிபாய் பூலே. கணவர் ஜோதிராவிடம் எழுதப் படிக்கக் கற்று, அகமது நகரிலும் புனேயிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அவர். 1848இல் புனேயில் பெண்களுக்கான பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கினார். தெருவில் போகும்போது அவர்மீது சாணமும் மண்ணும் வீசினார்கள். பூலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்தவர் முக்தா, மாங் என்னும் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த சிறுமி. மூன்றாண்டுப் படிப்புதான். 14 வயதில் மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' என்ற மராத்தி இதழில் வெளியானது. கூரைகூட இல்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தம் பெண்களின் வேதனையை எழுதினார். வேதம் படிக்க எங்களுக்கு உரிமை இல்லையென்றால் எங்கள் மதம் எது என்று கேட்டார். அந்தக் கேள்வி வகுப்பறைச் சுவரைத் தாண்டி அச்சில் ஏறியதால்தான் 170 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அதைப் படிக்கிறோம்.

எழுத்துக்கு வாசகரைத் தேடித் தருவதையே பாடமுறையாக்கியவர் பிரான்ஸ் நாட்டு ஆசிரியர் செலஸ்தீன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நீண்ட நேரம் பேசிப் பாடம் நடத்த உடம்பு இடம் தரவில்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார், பார்த்ததை எழுதச் சொன்னார். 1924இல் வகுப்பறைக்கு ஒரு சிறு அச்சுப்பொறி வாங்கினார். எந்த எழுத்தை அச்சிடுவது என்று பிள்ளைகளே கூடி முடிவு செய்தார்கள், சேர்ந்து திருத்தினார்கள், எழுத்துக் கோத்தார்கள். அச்சான தாள்களைத் தொலைவில் இருந்த கடலோரப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் தாள்கள் வந்தன.

இதற்கு நமக்கு அச்சுப்பொறி வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளும் சுவரில் ஓர் ஓரமும் போதும். பாம்பன் பிள்ளை பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றி எழுதலாம். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை கரிமூட்டத்தைப் பற்றியும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்குப் போவதைப் பற்றியும் எழுதலாம். இரு பள்ளிகளும் தாள்களை மாற்றிக்கொண்டால் கடலும் கண்மாயும் பேசிக்கொள்ளும். பிள்ளை முதலில் வாயால் சொல்லட்டும். அதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். ஒற்றுப்பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பேச்சுமொழிக்காக ஒரு பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்தால், அன்றோடு அது பேனாவைக் கீழே வைத்துவிடும்.

எச்சரிக்கையும் வேண்டும். 'என் குடும்பம்', 'என் தந்தையின் தொழில்' என்று எல்லோருக்கும் ஒரே தலைப்பைக் கொடுத்தால், அது சாதியைச் சொல்ல வைக்கும் விசாரணையாகிவிடும். எதை எழுதுவது, எதை மறைப்பது என்பது பிள்ளையின் உரிமை. வகுப்பு இதழின் ஆசிரியர் பொறுப்பு வாரம் ஒருவருக்கு மாறி வரட்டும். பேனா ஒரு தெருப் பிள்ளைக்கும் விளக்குமாறு இன்னொரு தெருப் பிள்ளைக்கும் என்று ஆகக் கூடாது. பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் செல்போனில் பரப்பவும் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை அளித்தது. ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தையே திருத்த வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தத் திருத்தத்தில் நாம் கேட்பது இதுதான்: பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் தம் வகுப்புப் பிள்ளைகளோடு ஓர் இதழாவது கொண்டுவர வேண்டும், அதற்கும் மதிப்பெண் வேண்டும்.

1957இல் பரமக்குடியில் தியாகி இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டது, தம் மக்களுக்காகத் தலைநிமிர்ந்து பேசியதற்காக. அந்த மண்ணில் நம் பிள்ளை தன் பெயரைத் தன் எழுத்துக்கு மேலே எழுதிச் சுவரில் ஒட்டுவது சின்ன விஷயமில்லை. பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தச் சுவருக்கு இடம் கேளுங்கள். படிக்கத் தெரிந்த அண்ணன், அக்காமார் போய் அதை வாசித்துவிட்டு வாருங்கள்.