பவர் டில்லர்: ஓட்டும் முறையும் பேணும் முறையும்

வலங்கைமான் வட்டாரத்தில் குடமுருட்டி ஆற்றையொட்டிய படுகைகளிலும், வீட்டுக் கொல்லைகளிலும், வாய்க்காலுக்கும் வரப்புக்கும் இடையே அமைந்த சிறு வயல்களிலும் பெரிய டிராக்டர் இறங்கித் திரும்புவது எளிதன்று. இத்தகைய நிலங்களுக்குப் பெரிதும் ஏற்றது பவர் டில்லர் என்னும் இரு சக்கர உழுபொறியாகும். வாழை, தென்னை, காய்கறித் தோட்டங்களில் களை எடுக்கவும் பாத்தி கொத்தவும் இதனினும் சிறிய பவர் வீடர் பயன்படுகிறது. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாயிலாக மானியத்தில் கிடைப்பதால் இவை சிறு விவசாயிகளின் கைக்கும் வந்திருக்கின்றன. ஆனால் பொறியை வாங்குவது வேறு. அதனை அபாயமின்றி ஓட்டிப் பல்லாண்டு பேணுவது வேறு.

மாட்டு ஏரும் இயந்திர ஏரும்

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் முறையை ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபர்டு ஹவர்டு என்பவர் 1912ஆம் ஆண்டில் தம் தந்தையின் பண்ணையில் சோதித்துப் பார்த்தார். 1920இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னர் ஜப்பானின் சிறு நெல் வயல்களில் இம்முறை பெருகி, 1960களில் நம் நாட்டிலும் பரவத் தொடங்கியது. இலங்கைத் தமிழ் உழவர்கள் இரு சக்கர உழுபொறியை 'லான்ட்மாஸ்டர்' என்றே அழைக்கின்றனர்.

இப்பொறிக்கும் மாட்டு ஏருக்கும் உள்ள முக்கிய வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். மாடு நின்றால் கலப்பையும் நின்றுவிடும். பவர் டில்லரிலோ சக்கரம் நின்ற பின்னரும் எஞ்சினின் விசை கத்திகளைச் சுழற்றிக்கொண்டிருக்கக் கூடும். ஆகவே, எஞ்சின் முற்றிலும் நின்றாலன்றிக் கத்தியின் அருகே கையோ காலோ செல்லலாகாது. இக்கட்டுரையில் நாம் கூறும் மற்ற விதிகள் யாவும் இந்த ஒரு விதியினின்று பிறந்தவையே.

கிளப்புமுன் கவனிக்க வேண்டியவை

நிலத்தை முதலில் ஒரு முறை நடந்து பார்த்தல் நலம். கல், கம்பி, பழைய வேர், பம்பு செட்டுக்குச் செல்லும் குழாய், மின் கேபிள் ஆகியவை இருக்குமிடத்தில் குச்சி நட்டு அடையாளம் செய்ய வேண்டும். தோட்டங்களில் மண்ணுக்குள் புதைத்த கேபிளைக் கத்தி அறுத்துவிட்டால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

தொங்கும் வேட்டியும், தோளில் கிடக்கும் துண்டும் வேண்டா. அரைக்கால் சட்டையோ, இறுக்கமான உடையோ அணிதல் வேண்டும். பெண்கள் ஓட்டும்போது சேலைத் தலைப்பையும் கூந்தலையும் இறுக முடிந்துகொள்ளல் அவசியம். உலர்ந்த தோட்டத்தில் கனத்த காலணி இன்றியமையாதது. பெல்ட்டின் மேலுள்ள காப்பும், கத்தியின் மேலுள்ள தகடும் கழற்றப்படாமல் தம் இடத்தில் இருக்க வேண்டும்.

கிளப்பும்போது கிளச் விடுபட்டும், கியர், கத்தி ஆகிய இரண்டின் நெம்புகோல்களும் நடுநிலையிலும் இருத்தல் வேண்டும். கையால் சுற்றிக் கிளப்பும் டீசல் எஞ்சினில் கட்டைவிரலைக் கைப்பிடிக்கு மறுபுறம் வளைக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே பிடிக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி கையினின்று நழுவிச் செல்லுமேயன்றி விரலை முறிக்காது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுதல் தகாது. அதன் புகையிலுள்ள நச்சு வாயு வெளித்தெரியாமல் உயிரைப் போக்க வல்லது.

ஓட்டும்போது

கத்தியின் வீச்சு 60 சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒரு மா நிலத்தை ஒரு முறை உழ ஏறத்தாழ 2¼ கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஓர் ஏக்கருக்கு 6¾ கிலோமீட்டர். சேற்றில் இத்தனை தூரம் நடப்பவர் களைத்துப்போவது இயல்பு. களைப்பினால் கால் தடுமாறும். தடுமாறும் கால் கத்தியின் பக்கமே செல்லும். ஆதலின் ஒருவரே நாள் முழுதும் ஓட்டாமல், இருவர் மாறி மாறி ஓட்டுதல் நன்று.

வரப்பருகே திரும்பும்போது கத்தியின் சுழற்சியை நிறுத்திவிட்டே திரும்ப வேண்டும். பின்னோக்கிச் செலுத்தும்போதும் அவ்வாறே. பின்னோக்கிச் செல்கையில் கைப்பிடி மேல்நோக்கி எழும். ஓட்டுபவர் வரப்புக்கோ தென்னை மரத்துக்கோ பொறிக்கோ இடையில் அகப்பட்டுக்கொள்ள நேரும். எனவே முதலில் பின்புறம் பார்த்து, எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, கிளச்சை மெல்ல விட வேண்டும். உயர்ந்த வரப்பைக் கடக்க நேரிட்டால் வரப்பைச் சற்றுச் சரித்து வழி செய்துகொண்டு, கத்தியை நிறுத்தி, தாழ்ந்த கியரில் நேராகக் கடக்க வேண்டும்.

ஆற்றுக் கரையினின்று இறங்கும்போது கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சமநிலத்தில் இடக் கைக் கிளச்சை அழுத்தினால் பொறி இடப்புறம் திரும்பும். இறக்கத்திலோ விடுபட்ட சக்கரம் விரைந்து ஓடுவதால் பொறி எதிர்ப்புறமாகத் திரும்பிவிடும். இதனை அறியாதார் கரையினின்று பொறியோடு உருள நேரும். ஆதலால் இறக்கத்தில் பக்கக் கிளச்சுகளைத் தொடாமல், தாழ்ந்த கியரில், கைப்பிடியைக் கொண்டே திருப்ப வேண்டும்.

வைக்கோல் சுற்றிக்கொண்டால்

குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் இடைப்பட்ட நாள்கள் சிலவே. அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோலும் தாளும் வயலில் கிடக்க, அதன்மேலேயே சேற்றுழவு நடைபெறுகிறது. ஈர வைக்கோல் கத்தி அச்சில் கயிறுபோல் முறுக்கிச் சுற்றிக்கொள்கிறது. அடுத்த வயல்காரர் பொறிக்காகக் காத்திருக்கிறார், மழையும் மிரட்டுகிறது. எஞ்சினை நிறுத்தினால் மீண்டும் சுற்றிக் கிளப்ப வேண்டுமே என்று எண்ணி, கிளச்சை மட்டும் விடுவித்துவிட்டுக் கையை உள்ளே விடத் துணிகிறார் ஓட்டுபவர். தேய்ந்த கிளச் பற்றிக்கொண்டாலோ, அருகில் நிற்பவர் அறியாமல் நெம்புகோலைத் தொட்டாலோ அந்தக் கை மீளாது. மீண்டும் கிளப்ப ஆகும் நேரம் சில நிமிடமே. இழந்த விரல் எத்தனை போகம் கழிந்தாலும் வளராது.

எனவே எஞ்சினை நிறுத்துக. கத்தி அசைவற்று நின்றதைக் கண்ணால் காண்க. பிறகு அரிவாளால் வைக்கோலை அறுத்து எடுக்க. வைக்கோலை முன்னரே அகற்றிவிட்டு உழுதால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

பேணும் முறை

சேற்றுழவு முடிந்த அன்றே பொறியைக் கழுவ வேண்டும். அச்சில் சுற்றிய வைக்கோல், நைலான் கயிறு, பிளாஸ்டிக் முதலியவற்றை மிச்சமின்றி நீக்க வேண்டும். இவை ஆயில் சீலை அறுத்துவிட்டால் சேற்று நீர் உள்ளே புகும். உள்ளிருக்கும் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று அறிந்து, சீலை மாற்றிப் புது எண்ணெய் இட வேண்டும். தாமதித்தால் சில நூறு ரூபாயில் முடியும் வேலை பற்சக்கரங்களையே மாற்றும் செலவாக வளரும்.

ஒவ்வொரு நாளும் கிளப்புமுன், பொறியைச் சமதரையில் நிறுத்தி எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். புழுதி நிறைந்த தோட்டத்தில் வேலை செய்தால் ஏர் கிளீனரை நாள்தோறும் துடைத்தல் வேண்டும். கத்திகளைப் பிணைக்கும் போல்ட்டுகளை நாள்தோறும் முடுக்குக. கத்தி மாற்றும்போது இடம், வலம் என்ற வரிசை மாறாமல் பூட்டுக. சூடாயிருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறத்தலும், சூடான எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றுதலும் கூடா. எண்ணெய் மாற்றும் கால அளவும், பெல்ட் இறுக்கமும் பொறிக்குப் பொறி மாறுமாதலின் கையேட்டில் கண்டபடி செய்க.

பருவம் முடிந்து பொறியை நிறுத்தி வைக்குமுன் கத்திகளுக்கு எண்ணெய் பூசி, பெல்ட்டைத் தளர்த்தி வைக்க வேண்டும். டீசல் தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படியாது. பெட்ரோல் பொறியாயின் தொட்டியைக் காலி செய்து வைத்தல் நன்று.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

ஊருக்குப் பொதுவாக ஒரு பொறி இருக்குமாயின், அது எல்லோர் கையிலும் ஓடி, எவர் கவனமும் பெறாமல் கெடுவதற்கு இடமுண்டு. பயிற்சி பெற்ற ஓரிருவரிடமே அதனை ஒப்படைத்தல் வேண்டும். ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், மாற்றிய உதிரிப் பாகம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். வாடகையில் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும் செலவுக்கென ஒதுக்குதல் அறிவுடைமை. ஓடும் பொறியைச் சுற்றிச் சிறுவர்கள் கூடுவதைத் தடுப்பதும் ஊராரின் கடமையாகும்.

விபத்து நேர்ந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துக. அகப்பட்ட கையை விடுவிக்க எஞ்சினின் விசையால் கத்தியைத் திருப்ப முயலலாகாது; போல்ட்டைக் கழற்றிக் கத்தியை அகற்றுக. காயத்தின்மேல் தூய துணியை வைத்து அழுத்திப் பிடித்து, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். துண்டான விரலைத் தூய ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையிலிட்டு, அவ்வுறையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து மருத்துவமனைக்கு உடன் கொண்டு செல்க. விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படலாகாது.

தண்ணீர் வந்ததும் வயலில் இறங்குவதற்கு முன்னர், ஒவ்வோர் ஊரிலும் பொறி ஓட்டுபவர்களை அழைத்து இவ்விதிகளை ஒரு முறை சொல்லிக் காட்டுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களை வேண்டுகிறோம். உழவை விரைவில் முடிப்பது நன்று. முழுக் கைகால்களோடு முடிப்பது அதனினும் நன்று.