லாரியின் ஆக்ஸிலரேட்டர் மிதி ஒட்டிக்கொண்டால்

மில்லிலிருந்து நூல் ஏற்றி வருவதற்கும், பஞ்சைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கும் பழைய டீசல் லாரியையே நம்பியிருக்கும் சங்கங்கள் நம்மிடையே உண்டு. அத்தகைய லாரியில் காலை எடுத்த பின்னும் ஆக்ஸிலரேட்டர் மிதி மேலே எழாமல் நின்றுவிடுவது, சிறு கோளாறு போலத் தோன்றும் பெருங்கோளாறு ஆகும். திருப்பூரில் நொய்யல் பாலத்து நெரிசலில் அது நேர்ந்தால் உயிர்ச்சேதத்தில் முடியலாம். ஆயினும் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அரைமணி நேரத்தில் கண்டுகொள்ள ஒரு முறை உண்டு.

அமைப்பு

ஜாம்ஷெட்பூரில் 1954-ஆம் ஆண்டில் டாட்டா–மெர்ஸிடிஸ் பென்ஸ் லாரி உற்பத்தி தொடங்கியது. எண்ணூர்த் தொழிற்சாலை 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. இவற்றின் பழைய லாரிகளில் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. மிதியை அழுத்தினால், ராடு அல்லது கேபிள் வழியாக டீசல் பம்பின் நெம்புகோல் அசைகிறது. அந்நெம்புகோல், கவர்னர் மூலம் பம்பினுள் இருக்கும் பல்சட்டத்தை நகர்த்துகிறது. சட்டம் நகரும் அளவுக்கேற்ப டீசல் கூடவோ குறையவோ செய்யும். காலை எடுத்ததும் ஸ்பிரிங் யாவற்றையும் பழைய நிலைக்கு இழுக்க வேண்டும். மிதி, ராடு, நெம்புகோல், பம்பு ஆகிய நான்கில் ஒன்று இறுகினாலும் நோய் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே பரிசோதனையின் சாரம்.

பரிசோதனை

எஞ்சினை நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முதலில் மிதியின் அடியைப் பாருங்கள். மடிந்த ரப்பர் விரிப்பு, சாக்கு, துணி ஆகியவையே காரணமாக இருக்கலாம். 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணங்கள் இரண்டு: மிதியைத் தடுத்த தரைவிரிப்பு ஒன்று; தேய்ந்து இறுகிய மிதி மற்றொன்று.

அடுத்து, ஒருவர் மிதியை அழுத்தி விட, மற்றொருவர் பம்பு நெம்புகோலைக் கவனிக்க வேண்டும். அது ஒவ்வொரு முறையும் தன் நிறுத்தத் திருகில் வந்து தட்ட வேண்டும். தட்டாவிடில் ராட்டை நெம்புகோலிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்பொழுது மிதி மந்தமாக எழுமாயின் குறை மிதியின் அச்சிலோ ராட்டிலோ கேபிளிலோ உள்ளது. மிதி தடையின்றி எழுந்து, நெம்புகோல் கையால் அசைக்கும்போது இறுகுமாயின் குறை பம்பின் பக்கத்தில் உள்ளது. தனித்தனியே இரண்டும் நன்றாக அசைந்து, இணைத்தால் மட்டும் ஒட்டினால், ராடு வளைந்திருக்கலாம், மூட்டு தேய்ந்திருக்கலாம், அல்லது எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் அமுங்கியிருக்கலாம். அமுங்கிய ரப்பரின் மேல் எஞ்சின் பாரம் இழுக்கையில் சாய்ந்து ராட்டையும் இழுத்துவிடும். குளிர்ந்த நிலையில் குறை தெரியாவிட்டால், ஒரு நடை போய்வந்து எஞ்சின் சூடாக இருக்கையில் மீண்டும் பாருங்கள்.

நெம்புகோல் திருகில் வந்து தட்டியும் எஞ்சின் வேகம் தணியவில்லையானால், பல்சட்டம் பம்பினுள்ளே சிக்கியிருக்கக்கூடும். பருவமில்லாத மாதங்களில் நின்றுகிடக்கும் லாரியின் டாங்கியில் நீர் சேர்ந்து, பம்பினுள் துரு ஏறுவதால் இது நேர்வதுண்டு. அந்நிலையில் பம்பின் ஸீலை உடைக்காமல், சோதனை மேடை உள்ள பம்புப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

நம் பகுதியின் தனிக்குறை

பஞ்சுத்தூசி பறக்கும் இடங்களில் நிற்கும் லாரியின் மூட்டுகளில் கெட்டி கிரீஸைப் பூசினால், தூசி அதில் படிந்து பசைபோல் இறுகிவிடும். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெயைச் சில துளிகள் இடுவதே நன்று. இழை பிரிந்த கேபிளுக்கு எண்ணெய் மருந்தாகாது. மாற்றியே தீர வேண்டும். பழைய டியூப் ரப்பரை வெட்டி மிதியை இழுத்துக் கட்டும் வழக்கம் அறவே கூடாது. அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது; ரப்பர் அறும் நாளில் விபத்து நேரும்.

ஓட்டத்தில் ஒட்டிக்கொண்டால்

குனிந்து கையால் மிதியை இழுக்க முயலாதீர்கள். பிரேக்கை உறுதியாக ஒரே அழுத்தாக அழுத்துங்கள். விட்டுவிட்டு அழுத்தினால் காற்று பிரேக்கில் சேமித்த காற்று தீர்ந்துபோகும். உடனே கிளட்சை மிதித்து, ஓரத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் இரைந்தாலும், பம்பு செம்மையாக இருக்கும்வரை கவர்னர் அதன் வேகத்தை எல்லைக்குள் வைக்கும். பிறகு நிறுத்தக் குமிழை இழுங்கள். பழைய டீசல் லாரிகள் பெரும்பாலானவற்றில் சாவியைத் திருப்பினால் மட்டும் எஞ்சின் நிற்காது என்பதை ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும். குமிழுக்கும் நிற்காவிடில், பிரேக்கை அழுத்தியபடியே உச்ச கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி அணையும்.

மின்னணு மிதி கொண்ட புதிய லாரிகளுக்கு இப்பரிசோதனை பொருந்தாது. பழைய லாரி வைத்திருக்கும் சங்கங்களோ, மிதி ஒருமுறை ஒட்டியதாக ஓட்டுநர் சொன்ன அன்றே அதை வண்டிப் புத்தகத்தில் பதிந்து, காரணம் தெரியும்வரை வண்டியைப் பாரத்துடன் அனுப்பாதிருத்தல் வேண்டும். ஒரு நாள் வாடகை நட்டமாயினும், ஓட்டுநரின் உயிருக்கும் அங்கத்தினரின் சரக்கிற்கும் அதுவே காப்பு.