பூனையின் பல்லும் ஈறும்

எலிக்காக வீட்டிற்குள் வந்த பூனை, நாளடைவில் குடும்பத்தில் ஒன்றாகிவிடுகிறது. அதற்குப் பால்சோறும் மீன்தலையும் வைக்க மறவாத நாம், அதன் வாய்க்குள் ஒருமுறையேனும் பார்த்திருப்போமா?

வளர்ந்த பூனைக்குப் பற்கள் 30. அவற்றின் மீது படியும் வழவழப்பான படலம், சில நாட்களிலேயே உமிழ்நீரிலுள்ள உப்புக்களுடன் சேர்ந்து காரையாக இறுகிவிடும். ஈற்றின் ஓரம் சிவப்பதே முதல் அடையாளம். கவனியாது விட்டால், பல்லைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்கும். ஆனால் பூனையோ நோவை மறைக்கும் இயல்புடையது. வலியோடேயே உண்டு கொண்டிருக்கும். 'நன்றாகத்தான் தின்கிறது' என்று நாம் மனநிறைவு கொள்வதில் பொருளில்லை. ஒரு பக்கமாகவே மெல்லுதல், கவ்விய உணவைக் கீழே நழுவவிடுதல், எச்சில் வடிதல், முன்காலால் வாயைத் தேய்த்தல், பொறுக்க முடியாத வாய்நாற்றம் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். வாய் நாறுவது பூனையின் இயல்பு என்பாருமுளர். அது நோயின் குறியே.

துலக்குவது எளிதா? பொறுமையிருந்தால் எளிதே. முதல் சில நாட்கள், பூனை அயர்ந்து மடியில் கிடக்கும் வேளையில் கன்னத்தைத் தடவி, உதட்டை மெல்ல உயர்த்தினால் போதும். பின்னர் விரலில் மெல்லிய துணியைச் சுற்றிக் கோரைப்பற்களையும், அதன்பின் கடைவாய்ப்பற்களையும் ஈற்றோரமாகத் தேய்க்கலாம். பற்களின் வெளிப்புறமே முக்கியம். உட்புறத்தை அதன் சொரசொரப்பான நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். பழகிய பின் மிருதுவான சிறு தூரிகை கொள்ளலாம். நாள்தோறும் அரை நிமிடம் போதும். சீறினால் விட்டுவிடுங்கள்; வல்லடியாகப் பிடித்து அமுக்கினால் மறுநாள் அது நம் கைக்கு அகப்படாது. ஏற்கெனவே சிவந்து புண்பட்ட ஈற்றைத் தேய்ப்பது கொடுமை. அதற்கு முதலில் மருத்துவமே தேவை.

நாம் பயன்படுத்தும் பற்பசை பூனைக்கு ஆகாது. அதற்குத் துப்பத் தெரியாது. ஃபுளோரைடும் நுரைப்பொருளும் வயிற்றுக்குள் சென்றுவிடும். பூனைகளுக்கெனவே செய்த பசை கிடைத்தால் நன்று. இல்லையேல் வெறும் நீரில் நனைத்த துணியே போதும். பல்வலிக்கு நம் வீடுகளில் தடவும் கிராம்புத் தைலமும் அதற்கு நஞ்சு.

அனைத்திலும் கொடியது பாராசிட்டமால். பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமே என்று இரக்கத்தால் பூனைக்கும் புகட்டிவிடுபவர்கள் உண்டு. அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், மூச்சு முட்டும். ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கக்கூடும். தெரியாமல் கொடுத்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதியாது கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இறுகிய காரையைக் கத்தியாலோ ஊசியாலோ சுரண்ட முயல வேண்டாம். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்தே அதனை அகற்றுவார். வேரோடு பல் அரிக்கும் நோயொன்றும் பூனைகளிடம் மிகுதி. துலக்குவதால் அது நிற்பதில்லை, பல்லைப் பிடுங்கவே நேரும். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. பற்கள் பலவற்றை இழந்த பூனையும், புண் ஆறிய பின் மீனைப் பிசைந்து வைத்தால் தட்டை நக்கித் துடைத்துவிடும்.