காணாத வண்டிக்குக் கொடுத்த பணம்

மாட்டுச் சந்தைக்குச் சென்று பழகிய பெரியவர்களுக்கு இது புதிதன்று. துண்டினால் கைகளை மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை மறைவில் இருக்கும். மாடோ வெட்டவெளியில் நிற்கும். பல்லைப் பார்க்கலாம், சுழியைப் பார்க்கலாம், நடக்கவிட்டும் பார்க்கலாம். கைப்பேசியின் வழியே இன்று நடைபெறும் வாணிபம் இதற்கு நேர்மாறானது. விலை பளிச்செனத் தெரிகிறது. பொருள்தான் துண்டுக்குள் இருக்கிறது.

கனகம்மாசத்திரத்தில் எனக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று உண்டு. தாய் பால் கறந்து ஊற்றிப் பிழைப்பவர். மகன் திருவள்ளூருக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கிறான். இரவு வேலை முடிந்து திரும்பப் பேருந்து கிடைப்பதில்லை. பழைய இருசக்கர வண்டி ஒன்று வாங்கத் தாய் தம் கம்மலை அடகு வைத்துப் பணம் கொடுத்தார்.

பழைய பொருள்களை விற்கும் இணையதளம் ஒன்றில் நல்ல வண்டியொன்றின் படம் வந்தது. விலை 28,000 ரூபாய். விற்பவர் தம்மை அரக்கோணத்தில் பணிபுரியும் படைவீரர் என்றார். அரக்கோணத்தில் கடற்படை விமான தளமும், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையமும் இருப்பதை நம் வட்டாரத்தார் அறிவர். ஆகவே ஐயமே எழவில்லை. சீருடையணிந்த படம், அடையாள அட்டை, வண்டியின் பதிவுச் சான்று எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தன. "தம்பி, எனக்கு மாற்றல் ஆகிவிட்டது. வண்டி முகாமுக்குள் இருக்கிறது. வெளியாரை உள்ளே விடமாட்டார்கள். இராணுவப் பார்சலில் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன்" என்று அன்பொழுகப் பேசினார்.

அனுப்பும் செலவுக்கென முதலில் 2,100 ரூபாய் போயிற்று. அடுத்து முன்பணம் 6,500. "தொகை வந்து சேரவில்லை, மீண்டும் அனுப்பு; இரண்டும் வந்தால் ஒன்றைத் திருப்பித் தருகிறேன்" என்றதும் இன்னொரு 6,500. இறுதியில், திருப்பித் தருவதற்கென்றே ஒரு க்யூ.ஆர். கோடு வந்தது. அதனை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இட்டான். எஞ்சியிருந்த 9,400 ரூபாயும் மறைந்தது. ஆக மொத்தம் 24,500. அதன்பின் அந்த எண் மறுமொழி தரவில்லை.

இத்தந்திரம் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. படைவீரர் வேடமிட்டு இவ்வாறு ஏமாற்றிய சிலரைப் பிடிக்க, 2020-ஆம் ஆண்டு சென்னைக் காவல்துறையினர் இராஜஸ்தானின் பரத்பூர் மாவட்டம் வரை சென்றனர். சீருடையின் மீது நமக்குள்ள மரியாதையே அங்கு முதலீடு! அவர்கள் அனுப்பும் அட்டையும் சான்றும் பல வேளைகளில் உண்மையானவையே. வேறு எவரிடமிருந்தோ முன்னர் வாங்கிய நகல்கள்.

அயல்நாடுகளில் இதற்கு மூத்த வடிவம் ஒன்று உண்டு. 1995-இல் அமெரிக்காவில் தோன்றிய ஏலத்தளமே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. அத்தகைய ஏலங்களில் தோற்றவருக்குத் தனியே ஒரு கடிதம் வரும்: வென்றவர் பின்வாங்கிவிட்டார், பொருளை உமக்கே தருகிறேன், பணத்தை நேரே எனக்கு அனுப்பும் என்று. எழுதியவர் விற்பவரே அல்லர். ஏலமாயினும் பேரமாயினும், தளத்தை விட்டு வெளியே அழைத்துச் செல்வதே முதற்படி. நம் இளைஞனையும் வாட்ஸ்அப்புக்கு அழைத்த இடத்தில்தான் கதை தொடங்கிற்று. சிலர் பணமும் கேட்பதில்லை. கட்டணம் செலுத்தவென ஓர் இணைப்பை அனுப்பி, வங்கியின் பக்கம் போன்றே தோன்றும் போலிப் பக்கத்தில் அட்டை எண்ணையும் கடவுச்சொல்லையும் எழுதச் செய்கிறார்கள். இதனைத்தான் 'பிஷிங்' என்கிறார்கள். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்து மாற்றி 1990-களில் ஆக்கிய பெயர்.

இரகசிய எண்ணைப் பற்றி ஒரு சொல். யு.பி.ஐ. முறையில் நமக்கு வரவேண்டிய பணத்தைப் பெறுவதற்கு எந்த எண்ணையும் இட வேண்டியதில்லை. எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதுமில்லை. எண்ணை இட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது. தனியார் ஒருவர் மற்றொருவருக்குப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது, க்யூ.ஆர். கோடு அனுப்பி ஏமாற்றுவதை அது தடுக்காது. வண்டியாயின் நேரில் கண்டு, ஓட்டிப் பார்த்து, பதிவுச் சான்றின் மூலப்படியோடு என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிட்டு, பெயர் மாற்றத்திற்கான 29, 30-ஆம் படிவங்களில் விற்பவரின் கையொப்பம் பெற்ற பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

ஆனால் என் மனத்தை வருத்தியது 24,500 ரூபாய் அன்று. அவன் நான்கு நாள்கள் வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போனான், வந்தான். தாய் வண்டி எங்கே என்று கேட்டபோதெல்லாம் நாளை வரும் என்றான். ஞாயிறன்று பூசை முடிந்து சாக்கிறிஸ்தி வாசலில் நின்று, "சாமி, அம்மாவிடம் நீங்கள் சொல்வீர்களா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்போதே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் முறையிட்டோம். இணையவழி மோசடிக்கென நாடு முழுவதற்கும் அமைந்த எண் அது. முறையீடு பதிவானவுடன், பணம் சென்ற வங்கிக்குச் செய்தி போகிறது. அக்கணக்கில் மிஞ்சியிருப்பதை வங்கி முடக்குகிறது. திருடனோ பணத்தை ஒரு கணக்கில் தங்கவிடுவதில்லை. கைமாற்றிக் கைமாற்றி, விரைவில் எடுத்துவிடுகிறான். ஆகவே மணிக்கணக்கில் பேச வேண்டிய காரியத்தை நாம் நாள்கணக்கில் ஒத்திப்போட்டுவிட்டோம். அவன் கணக்கிலிருந்து போனதில் ஒன்றும் சிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "படித்தவன் இப்படி ஏமாந்தாயா என்பார்களே, சாமி" என்றான். பெற்றோரே, உங்கள் வீட்டில் இத்தகைய செய்தி வந்தால் ஏசுவதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். தொலைபேசியை முதலில் எடுங்கள். ஏச்சுக்கு அஞ்சி மறைத்த நேரமெல்லாம் திருடனுக்குக் கிடைத்த நேரம்.

தாயிடம் நான் சொன்னேன். அவர் அழுதார், பிறகு மகன் சாப்பிட்டானா என்று கேட்டார். கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. இரண்டு மாதங்கள் கழித்து, சீட்டுப் பணத்தில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் பழைய வண்டியொன்றை வாங்கினார்கள். தாயும் உடன் சென்றாராம். வண்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் இரண்டு முறை சுற்றி வந்து, இருக்கையைத் தட்டிப் பார்த்த பின்னர்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்தாராம்.