போலோ பார்க்க என்ன உடுத்திக்கொண்டு போவது?

ஜனவரி பிறந்தால் ஜெய்ப்பூரில் நம்மவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. பொங்கலுக்குக் கரும்பு எங்கே கிடைக்கும் என்பது ஒன்று. போலோ பார்க்க என்ன உடுத்திக்கொண்டு போவது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நம் சங்கத்துச் செயலாளரே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு என்னை எழுதச் சொன்னார். உடை விஷயத்தில் உமக்கு என்ன ஞானம் என்று நீங்கள் கேட்பது நியாயமே. ரயில் பாதை வேலையில் காக்கிச் சட்டையும் கனத்த பூட்ஸும் தவிர வேறு நாகரிகம் அறியாதவன் நான். ஆனால் தப்பாக உடுத்திக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு படித்திருக்கிறோம்.

2023-ம் ஆண்டு ஜனவரியில் எங்கள் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். போலோ என்றால் ராஜா ராணி சமாசாரம், அம்மா வழக்கமான செருப்புடன் வந்தால் நன்றாக இராது என்று சொல்லி, பென்சில் போலக் குதிகால் வைத்த செருப்பு ஒன்றை வாங்கி வந்தாள். அதற்குப் பொருத்தமாக என் மனைவி, மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கம்பளி சூட், உள்ளே ஒரு வெய்ஸ்ட்கோட், டை. “ஏங்க, நாம ரிசப்ஷனுக்குப் போறோமா, குதிரை பார்க்கப் போறோமா?” என்று வாசலில் நின்று கேட்டாள் அவள். அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

போலோவில் பக்கத்துக்கு நான்கு பேர். மைதானம் 300 கெஜம் நீளம். அகலம், ஓரப் பலகை வைத்திருந்தால் 160 கெஜம், இல்லாவிட்டால் 200 கெஜம் வரை போகும். பலகை வைத்த மைதானமே கிட்டத்தட்ட 10 ஏக்கர். இத்தனை பெரிய புல்தரையில் எட்டுக் குதிரைகள் பாய்ந்து ஓடித் திடீரென்று திரும்பினால் என்ன ஆகும்? குளம்பு பட்ட இடமெல்லாம் புல் வேரோடு பெயர்ந்து கட்டி கட்டியாகக் கிடக்கும். ஆட்டம் ஏழரை நிமிஷச் ‘சக்கர்’களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. (நம்முடைய சக்கரம்தான் ஹிந்தி வழியாக உலகம் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.) பாதி ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர்கள் மைதானத்தில் இறங்கி, பெயர்ந்த புல்கட்டிகளைக் காலால் மிதித்துப் பழையபடி அமுக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். 1990-ல் வந்த ‘ப்ரெட்டி வுமன்’ என்ற ஆங்கிலப் படத்தில்கூட இந்தக் காட்சி உண்டு. மகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

பத்து அடி போவதற்குள் இடது குதிகால் புல்லில் இறங்கி மாட்டிக்கொண்டது. உடம்பு முன்னே போயிற்று, பாதம் வரவில்லை. கணுக்காலின் வெளிப்புற எலும்பில் விரிசல்.

இதில் எனக்குத்தான் அதிக வெட்கம். ஏனென்றால் இது என் தொழில். தண்டவாளத்தை நேரே மண்மேல் வைத்தால் வண்டி ஏறியதும் அழுந்திவிடும் என்றுதான் அடியில் ஸ்லீப்பரும், அதன் அடியில் ஜல்லியும் போட்டு, பாரத்தைப் பரப்பி மண்ணில் இறக்குகிறோம். செருப்புக்கும் அதே கணக்குத்தான். 60 கிலோ எடை உள்ளவர் நடக்கும்போது ஒரு கணம் முழுப் பாரமும் ஒரே குதிகாலில் வந்து நிற்கும். அந்தக் குதிகாலின் அடிப்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால், அந்த ஒரு சென்டிமீட்டர் இடத்தில் 60 கிலோ. அதே மனிதர் தட்டையான செருப்பு அணிந்து ஒரு காலில் நின்றால், பாதத்தின் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் 400 கிராம்தான். குதிரையின் காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று தண்ணீர் விட்டு மெத்தென்று வைத்திருக்கும் தரையில் ஊசிக் குதிகால் இறங்காமல் என்ன செய்யும்? வாழ்நாளெல்லாம் கேங்மேன்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் வீட்டுக்காரிக்குச் சொல்லத் தோன்றவில்லை.

ஆகவே போலோவுக்கு உடை என்றால் முதலில் காலைப் பாருங்கள், பிறகு மேலே வாருங்கள். பெண்களுக்குத் தட்டையான, பின்பட்டை உள்ள செருப்பு அல்லது மூடிய ஷூ. உயரம் வேண்டும் என்பவர்கள் அடி முழுக்க ஒரே பலகையாக இருக்கும் ‘வெட்ஜ்’ வகையை வாங்கலாம். அது ஸ்லீப்பர் போட்ட மாதிரி. உள்ளூர் மோஜரி பார்க்க அழகுதான், ஆனால் புத்தம் புதிதாகப் போட்டுக்கொண்டு போனால் கடிக்கும், தோல் அடி ஈரப்புல்லில் வழுக்கவும் செய்யும். நாலு நாள் வீட்டில் போட்டுப் பழக்கிய பிறகு போடுங்கள். ஆண்களுக்கு ரப்பர் அடி வைத்த பழுப்பு நிறத் தோல் ஷூ போதும்.

அடுத்தது சீதோஷ்ணம். இங்கே ஜனவரியில் பகல் 22, 23 டிகிரி. விடியற்காலையில் 8 டிகிரி. மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது வெயில் சுள்ளென்று இருக்கும். அன்று வெய்ஸ்ட்கோட்டுக்குள் நான் வெந்தேன். ஐந்தரைக்கு மேல் வறண்ட காற்றில் சூடு சட்டென்று இறங்கிவிடும். நம் கடற்கரை ஊர்களைப் போல ஈரக்காற்று சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. எனவே ஒரே கனத்த உடுப்பைவிட, கழற்றவும் மாட்டவும் தோதான இரண்டு மெல்லிய உடுப்புகள் மேல். பருத்திச் சட்டை, மேலே கோட்டோ ஸ்வெட்டரோ. பெண்களுக்குப் புடவையும், கையில் மடித்த ஒரு கம்பளிச் சால்வையும்.

புடவை என்றதும் மகாராணி காயத்ரி தேவியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவருடைய கணவர் இரண்டாம் சவாய் மான்சிங் பெரிய போலோ வீரர். 1933-ல் அவருடைய ஜெய்ப்பூர் அணி இங்கிலாந்து சென்று பெரிய கோப்பைகளை வென்று வந்தது. 1970-ல் அவர் இறந்ததும் இங்கிலாந்தில் ஒரு போலோ ஆட்டத்தின்போதுதான். காயத்ரி தேவி மெல்லிய நிறத்தில் ஷிஃபான் புடவையும் ஒரு முத்து மாலையும் அணிந்து நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஷிஃபானை அரண்மனைகளில் பிரபலமாக்கியவர் அவருடைய தாயார், கூச் பெஹார் மகாராணி இந்திரா தேவி. அலங்காரம் என்று நினைக்கிறோம், அதில் சௌகரியமும் இருக்கிறது. எடை இல்லை, சுருக்கம் தெரியாது, வெயிலில் கனக்காது. காற்றில் பறக்கும் என்பது ஒன்றுதான் குறை; இரண்டு பின் போட்டால் சரி.

நம் காஞ்சிபுரம் பட்டு அப்படியல்ல. ஜரிகையோடு சேர்ந்து அது கனமான சுமை. புல்கறை பட்டில் ஏறினால் லேசில் போகாது. அந்த அரக்குப் புடவையின் கரையில் இன்றைக்கும் ஒரு சாண் பச்சை இருக்கிறது. பட்டைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்டு, செட்டிநாட்டுக் கண்டாங்கி, கோவைப் பருத்தி என்று துவைக்கக்கூடியதாகக் கட்டுங்கள். என் மனைவியின் தேர்வு மதுரைச் சுங்குடி. அதுவும் இந்த ஊர்ப் பந்தேஜும் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் ஒரே ஜாதி. கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கும்படி கட்டினால் புல்லில் புரளாது. சல்வார் கமீஸ் போடுகிற இளம்பெண்கள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துவிடுங்கள். குதிரைகள் கட்டியிருக்கும் பக்கம் படபடக்கும் துணியோடு போகாதீர்கள். பழகிய குதிரைகூடச் சில சமயம் மிரளும். குடை விரிப்பதும் அங்கே ஆகாது. வெயிலுக்கு விளிம்பு உள்ள தொப்பி, கறுப்புக் கண்ணாடி. தொப்பியின் விளிம்பு பின்னால் உட்கார்ந்திருப்பவரின் பார்வையை மறைக்காத அளவில் இருக்கட்டும்.

ஆண்களில் சிலர் போலோவுக்குப் போலோ டி-ஷர்ட்தான் பொருத்தம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பின்னல் சட்டையைப் பிரபலமாக்கியவர் பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட். 1926-ல் அமெரிக்க டென்னிஸ் போட்டியில் அணிந்தார். 1933-ல் முதலைச் சின்னத்தோடு விற்க ஆரம்பித்தார். போலோ மைதானம் உண்மையில் கொடுத்தது, கழுத்துப்பட்டையின் நுனியில் பொத்தான் வைத்த முழுக்கைச் சட்டை. ஓடும்போது கழுத்துப்பட்டை முகத்தில் அடிக்காமல் இருக்க இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் அதைப் பொத்தானால் மாட்டியிருந்ததைப் பார்த்து, ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1896-ல் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. தொடையில் தொளதொள என்றும் கெண்டைக்காலில் இறுக்கமாகவும் இருக்கும் ஜோத்பூர் கால்சட்டை, ஜோத்பூரின் சர் பிரதாப் சிங்கால் புகழ் பெற்றது. 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்குப் போனபோது அது இங்கிலாந்தின் கண்ணில் பட்டது. வரலாறு சரி, பார்க்கப் போகிற நாம் அதையும் முழங்கால் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு போவது, டிக்கெட் வாங்கிய பயணி கார்டு யூனிஃபாரத்தில் வண்டி ஏறுவது போல.

அழைப்பிதழில் ‘ஸ்மார்ட் காஷுவல்’ என்று இருந்தால் முழுக்கைச் சட்டை, இஸ்திரி போட்ட பாண்ட், மெல்லிய கோட், டை வேண்டாம். ‘லவுஞ்ச் சூட்’ என்றால் டையோடு சூட். ‘நேஷனல் டிரெஸ்’ என்றால் கழுத்து மூடிய பந்த்கலா கோட். ஜோத்பூரி கோட் என்பதும் இதுதான். டை இல்லாத கௌரவம் என்பதால் எனக்கு இதுதான் பிடித்தது. அழைப்பிதழ் இல்லாமல் பொது இருக்கையில் உட்கார்வதற்குச் சுத்தமான எந்த உடையும் போதும்.

வேட்டி? போன கூட்டத்தில் மூத்த அன்பர் ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டார். 2014-ல் சென்னையில் ஒரு உயர்நீதிமன்ற நீதிபதியே வேட்டியுடன் வந்ததற்காகக் கிரிக்கெட் சங்கத்தின் க்ளப்பில் நுழைய முடியாமல் திரும்பினார். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, வேட்டிக்குத் தடை போடும் க்ளப்பின் உரிமத்தையே ரத்து செய்யச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் அந்த மாநிலத்துக்கு மட்டும். இங்கே தனி அரங்குக்கு அழைப்பு வந்தால் முன்கூட்டியே ஒரு டெலிபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள்; வாசலில் நின்று வாதாடுவது வயதுக்கு நல்லதல்ல. பொது இருக்கைக்குத் தாராளமாகக் கட்டிக்கொண்டு வாருங்கள். திறந்த வெளியில் காற்று எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாது. ஒட்டிக்கோ வேட்டியும் அதன்மேல் ஒரு பெல்ட்டும் உத்தமம். நானும் அதில்தான் வருவதாக இருக்கிறேன்.

அன்று அவள் விழுந்ததும் முதலில் ஓடி வந்தது சூட் போட்டவர்கள் யாரும் இல்லை. குதிரைக்காரர் ஒருவர், தலையில் காவி முண்டாசு. “மாதாஜி, ஹிலியே மத்” என்று உட்கார வைத்து, குதிரையின் காலுக்கு வைத்திருந்த ஐஸ் வாளியில் அவள் காலை வைக்கச் சொன்னார். பிறகு குதிரைக்குக் கட்டுகிற சிவப்புப் பாண்டேஜைக் கணுக்காலிலிருந்து மேலே இதமாகச் சுற்றிவிட்டார். எக்ஸ்ரே எடுத்த டாக்டர் அந்தக் கட்டைப் பார்த்து, யார் போட்டது என்று கேட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் போலோ பேச்சை எடுத்தாலே, அதெல்லாம் நமக்கு வேண்டாம், பெரிய மனுஷர்கள் இடம் என்று சொல்லிவந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தோடு வருகிறாள். சுங்குடியும் தட்டைச் செருப்பும் எடுத்து வைத்தாயிற்று. பக்கத்திலேயே துவைத்துச் சுருட்டிய அந்தச் சிவப்புப் பாண்டேஜும் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அந்த முண்டாசுக்காரரைக் கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் தெரியவில்லை. ஞாயிறு அன்று வருகிற அன்பர்கள் உதவினால் நல்லது.